ரோடு வருவதற்கு முன்னால் மண்ணைப் பாருங்க!



ரோட்டை அகலப்படுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் நமக்கு என்ன கவலை வரும்? வீட்டுத் திண்ணை போயிடுமா, புளியமரத்தை வெட்டிடுவாங்களா என்பதுதான். மண்ணுக்கு அடியில் என்ன இருக்குன்னு யாரும் கேட்பதில்லை. ஜே.சி.பி. ஒரு தடவை இறங்கிவிட்டால், ஆயிரம் வருடம் புதைந்து கிடந்தது அரை நாளில் போய்விடும். எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்ப வராது. அதனால்தான் சில நாடுகளில் ரோடு வேலைக்கு முன்பே தொல்லியல் ஆய்வு செய்கிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்தது

கேம்பிரிட்ஜ், ஹன்டிங்டன் ஊர்களுக்கு இடையே ஏ14 என்ற நெடுஞ்சாலை இருக்கிறது. லாரிக் கூட்டம் தாங்காமல் அதை அகலப்படுத்தி, ஒரு பகுதிக்குப் புது வழியும் போட்டார்கள். மொத்தம் 21 மைல். 2020-ல் ரோடு முழுவதும் திறக்கப்பட்டது. அதற்கு முன், 2016 முதல் 2018 வரை, சுமார் 250 ஆய்வாளர்கள் அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள்.

ஆய்வு எப்படி நடக்கும்?

1. பழைய வரைபடம், பதிவேடு, விமானத்திலிருந்து எடுத்த படம் எல்லாம் பார்ப்பார்கள். வயலில் ஓரிடத்தில் மட்டும் பயிர் வாடியிருந்தால் அடியில் பழைய சுவர் இருக்கலாம். செழித்திருந்தால் மூடிப்போன பள்ளம் இருக்கலாம்.
2. உழுத நிலத்தில் வரிசையாக நடந்து ஓட்டுத்துண்டு, கல் ஆகியவற்றைப் பொறுக்கிப் பார்ப்பார்கள்.
3. சந்தேகமான இடத்தில் சோதனைக் குழி வெட்டுவார்கள்.
4. தடயம் கிடைத்தால் அடுக்கடுக்காகத் தோண்டுவார்கள். எது எந்த ஆழத்தில் இருந்தது என்று எழுதி, படம் எடுத்து வைப்பார்கள்.

அதன் பிறகு ரோடு போகும். ஆய்வு என்றால் ரோட்டைத் தடுப்பது என்று நினைக்க வேண்டாம்.

அங்கே ரோமர் காலத்துப் பானைச் சூளைகள் மட்டும் 40-க்கு மேல் கிடைத்தன. பழைய குடியிருப்புகளும், மக்கள் விட்டுப்போன கிராமமும் தெரியவந்தன. கருகிப்போன சின்னத் துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமார் 2,400 வருடம் முன்பே அங்கே தானியத்தில் பீர் காய்ச்சியது தெரிந்தது. நாமாக இருந்தால் குப்பைன்னு கூட்டித் தள்ளியிருப்போம்!

நம்ம ஊரில்?

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத நடுகல்லும் முதுமக்கள் தாழியும் நம்மிடம் எவ்வளவோ உண்டு. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி, பல இடங்களில் நடுகல்தான். அது எங்கே இருக்குன்னு ஆபீசருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆடு மேய்க்கிற, களை எடுக்கிற நமக்குத் தெரியும்.

நாம் செய்ய வேண்டியது

* ரோட்டுக்கு நிலம் அளக்க வரும்போதே நடுகல், தாழி, பானை ஓடு நிறைந்த மேடு எங்கே என்று சொல்லுங்க. கிராம சபையிலும் மனுவாகக் கொடுங்க.
* மண் எடுக்கும்போது ஏதாவது தென்பட்டால் வேலையை நிறுத்தி வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்க. இடத்தை மாற்றாதீங்க, கழுவாதீங்க.
* தங்கம், காசு கிடைத்தால் மறைக்கக் கூடாது. 1878-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்க. வயதான அம்மாக்களிடம் கேட்டு, ஊரில் உள்ள பழைய கல்லையும் மேட்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ரோடு நமக்கு வேணும்தான். அது வருவதற்கு முன்னால் அந்த நோட்டு தயாராக இருக்கட்டும்.