திட்ட நிர்வாகச் சான்றிதழ்: தெரிந்தெடுக்கும் முறை

பட்டப் பரீட்சை அணுகுங்கால் நம் மாணவர் உள்ளத்தில் எழும் வினாக்களுள் ஒன்று, பட்டத்தோடு வேறொரு தொழிற் சான்றிதழும் பெறுதல் வேண்டுமோ என்பது. அத்தகைய சான்றிதழ்களுள் திட்ட நிர்வாகத்தைப் பற்றியவை இந்நாளில் மிகுதியும் பேசப்படுகின்றன. அவற்றிற்காகும் செலவோ சிறிதன்று. நம்மிற் பலர்க்கு அப்பணம் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அன்றேல் கடனாகப் பெறுவது. ஆதலின், எச்சான்றிதழ் எதற்குச் சான்று பகர்கின்றது, அது யார்க்கு ஏற்புடைத்து என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண், திட்டம் என்பது யாது? தொடக்கமும் முடிவும் உடையதாய், முன்னில்லாத ஒன்றை ஆக்கித் தருவதாய், பலர் கூடிச் செய்வதாய் உள்ள பணியே திட்டமாம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகன் 1913-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939-இல் அநுபந்தத்தோடு நிறைவெய்தியது. அஃது ஒரு திட்டம். அந்நூலை நாடோறும் நூல்நிலையத்தில் எடுத்துக் கொடுத்தல் திட்டமன்று. அது வழக்கமான அலுவல். திட்டத்தைக் குறித்த காலத்தில், குறித்த பொருட்செலவில், குறித்த தரத்தோடு முடித்தற்கு வேண்டும் ஆட்சித்திறனே திட்ட நிர்வாகம். வள்ளுவனார் ‘வினைசெயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்தமையான் இவ்வாராய்ச்சி நமக்குப் புதியதன்று என்பது விளங்கும்.

இத்திறன் வேறு, சான்றிதழ் வேறு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயலாற் சிதைந்த பாம்பன் இரயிற் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியியலார் 46 நாட்களிற் சீர்படுத்தினார். பி.எம்.பி. என்னும் சான்றிதழ்த் தேர்வு முதன்முதல் நடைபெற்றதோ 1984-இல். அங்ஙனமாயின் சான்றிதழ் வேண்டப்படுவது எதற்கு? நம்மோடு பணி புரிந்தவர்க்கு அது வேண்டுவதில்லை. நம்மை அறியாதவர்க்கே வேண்டும். ஆதலின், ‘இதனைப் படித்துப் பார்ப்பவர் யாவர்?’ என்பதே நாம் முதலிற் கேட்கத்தக்க வினா.

மேற்கூறிய பி.எம்.பி. சான்றிதழை வழங்குவது, அமெரிக்காவில் 1969-இல் நிறுவப்பெற்ற பி.எம்.ஐ. என்னும் கழகம். பலராலும் அறியப்பட்டது இச்சான்றிதழே. ஆயினும், இத்தேர்வுக்கு விண்ணப்பிக்க நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்தியிருத்தல் வேண்டும்; 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். எனவே, கல்லூரியை விட்டு நேரே வெளிவருவார்க்கு இதன் கதவு திறவாது. பெற்ற பின்னரும் மூவாண்டிற்கொருமுறை 60 அலகு மேற்பயிற்சி காட்டிப் புதுப்பித்தல் வேண்டும்.

அக்கழகமே இளைஞர்க்கென சி.ஏ.பி.எம். என்பதை அமைத்துள்ளது. இதற்கு உயர்நிலைப் பள்ளிக் கல்வியும் 23 மணி நேரப் பாடமும் போதும், அநுபவம் வேண்டா. தேர்வில் 150 வினாக்கள் உள. இது திறமைக்குச் சான்றன்று. கலையின் சொற்களையும் முறைகளையும் கற்றதற்கே சான்று.

பிரின்ஸ்-2 என்பது இங்கிலாந்திற் பிறந்தது. அந்நாட்டு அரசாங்கம் தன் கணினிப் பணிகளுக்காக 1989-இல் வகுத்த முறை, 1996-இல் எல்லாப் பணிகட்கும் பொருந்துமாறு திருத்தப்பெற்று இப்பெயர் எய்தியது. யார் எதற்குப் பொறுப்பாளர், எக்கட்டத்தில் யாரிடம் உத்தரவு பெறுதல் வேண்டும் என்பன இதன்கண் தெளிவுற வரையறுக்கப்பட்டுள்ளன. இதன் அடிப்படைத் தேர்வுக்கும் அநுபவம் வேண்டா. பிரித்தானிய வழக்கைத் தழுவிய நிறுவனங்களை நாடுவார்க்கு இஃது ஏற்றது.

முடிவு இன்னதென முன்னரே அறியவியலாத பணிகளும் உள. மென்பொருள் ஆக்குவோர் சில வாரத்திற்கொரு பகுதியாக முடித்துக் காட்டிப் பின் திருத்திச் செல்வர். ‘ஸ்கிரம்’ என்பது அம்முறைகளுள் ஒன்று. இதற்குரிய சான்றிதழ்களுள் இரண்டு பெயர் பெற்றவை. ஸ்கிரம் அலையன்ஸ் வழங்கும் சி.எஸ்.எம். என்பதற்கு வகுப்பிற் கலந்துகொள்ளுதல் கட்டாயம். ஈராண்டிற்கொருமுறை புதுப்பித்தலும் வேண்டும். ஸ்கிரம்.ஆர்க் வழங்கும் பி.எஸ்.எம். முதனிலைக்கு இவ்விரண்டும் வேண்டா. தாமே கற்றும் தேர்வெழுதலாம். கைப்பொருள் குறைந்த மாணவர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் நன்று.

இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமுன் நாம் செய்யற்பாலன மூன்று. நாம் விரும்பும் தொழிலில் ஆள் வேண்டி வரும் விளம்பரங்கள் இருபதையேனும் படித்து, எச்சான்றிதழின் பெயர் அடிக்கடி வருகின்றது எனக் குறித்தல் ஒன்று. அத்தேர்வின் தகுதிகளை வழங்கும் கழகத்தாரின் அறிக்கையிலேயே நேரிற் காணல் மற்றொன்று. தேர்வுக் கட்டணத்தோடு பயிற்சிச் செலவையும் புதுப்பிக்குஞ் செலவையுங் கூட்டிப் பார்த்தல் மூன்றாவது. தொகையை முழுதுங் கண்ட பின்னரே பெற்றோரிடம் கேட்டல் முறை.

இன்னுமொன்று கூறாதொழியலாகாது. இல்லாத அநுபவத்தை உள்ளதாக எழுதிப் பி.எம்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமெனக் கூறுவாரும் உளர். அக்கழகத்தார் விண்ணப்பங்களுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சான்று கேட்டுச் சோதிப்பர். சோதனைக்குத் தப்பினும், பொய்யுரைத்துப் பெற்ற சான்றிதழ் யாதொன்றிற்கும் சான்றாகாது. பொறுப்பை ஏற்கத் தக்கவன் இவன் என உலகிற்கு அறிவிப்பதன்றோ அதன் பயன்?

ஆகவே, பட்டம் பெறும் நிலையிலுள்ள நமக்கு முதற் சான்றிதழ் போதும். அதுவும் நாம் புகும் தொழில் அதனை வேண்டினாலன்றி இப்போது வேண்டா. இடைக்காலத்தில் கல்லூரி விழாவாயினும் விடுதிக் கணக்காயினும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையைக் காலவரையறை செய்து, செலவெழுதி, முடித்துக் காட்டிப் பழகுவோமாக. 36 மாதம் நேர்மையாய் உழைத்தபின் பெருஞ் சான்றிதழை நாடின், அதன்கண் எழுதுதற்கு நம்மிடம் உண்மையான செய்தி இருக்கும்.