நாற்றங்கால் அணிகள்



நெல் பயிரிடுவோர் நாற்றங்காலுக்கென ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்குவர். வயல் முழுவதையும் உழுவதற்கு முன்னரே, நீர் வசதியுள்ள ஒரு மூலையில் விதை தெளித்து, நாற்று நடும் பருவம் எய்தும்வரை காத்திருப்பர். பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை. விளையாட்டுலகிலும் இத்தகைய நாற்றங்கால்கள் உண்டு. புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் ஆடினால் மறுநாள் செய்தித்தாளில் பார்த்துவிடுகிறோம். நம் சிறுவர் அணி ஆடிய பந்தயத்தின் முடிவோ ஒரு மூலையில் சிற்றெழுத்தில் கிடக்கும். இன்று அந்தச் சிற்றெழுத்துச் செய்தியைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

இந்தியக் கிரிக்கெட்டில் ஓர் இளைஞன் ஏறவேண்டிய படிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை. இது மூன்று நாள் ஆட்டம். 19 வயதுக்கு உட்பட்டோருக்கு நான்கு நாள் ஆட்டமாகக் கூச் பிகார் கோப்பையும், ஒருநாள் ஆட்டமாக வினூ மங்கட் கோப்பையும் உள்ளன. அதற்கு மேற்படி 23 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் கர்னல் சி. கே. நாயுடு கோப்பை. 1932-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் டெஸ்ட் பந்தயத்திற்குத் தலைமை தாங்கியவர் அந்த நாயுடுவே. இவற்றிற்கெல்லாம் மேலே நிற்பது ரஞ்சிக் கோப்பை. அதன் முதற் பந்தயம் 1934 நவம்பரில் நம் பக்கத்துச் சென்னைச் சேப்பாக்கத்தில், சென்னை அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே நிகழ்ந்தது. ஒரே நாளில் முடிந்தும் போயிற்று! ஏ. ஜி. ராம்சிங் என்பவர் அன்று 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வாறே 15 வயதுக்கு உட்பட்டோர் முதலாகத் தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன.

வயது என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. 16 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களின் வயதைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டே வாரியம் முடிவு செய்வதில்லை. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, அதன் வளர்ச்சியைக் கொண்டு கணிக்கின்றனர். இளம் வயதில் எலும்பு முனைகளில் வளர்தகடு என்னும் குருத்தெலும்பு இருக்கும். முதிர முதிர அது எலும்போடு எலும்பாக இணைந்துவிடும். முப்பதாண்டுக்கு மேல் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டியவன் நான். எங்கள் காலத்துப் பதிவேட்டில் வகுப்பில் பாதிப் பேர் மே, சூன் மாதங்களிலேயே பிறந்திருப்பர். பள்ளியிற் சேர்ப்பதற்காகப் பெற்றோரும் ஆசிரியரும் கூடிச் செய்த பிறப்பு அது! ஆகவே மருத்துவர்கள் எலும்பை நாடியதில் எனக்கு வியப்பில்லை.

நாற்றங்கால் அணி என்னும் கருத்தை முறையாக வளர்த்தெடுத்தவர் ஓர் அமெரிக்கர். அந்நாட்டின் பெருவிளையாட்டு பேஸ்பால். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவென்று சொல்லலாம். பந்தெறிபவர், மட்டை பிடிப்பவர், ஓடிப் புள்ளி சேர்ப்பது எல்லாம் அதிலும் உண்டு. பிராஞ்சு ரிக்கி என்பவர் இளமையில் ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்னர் செயின்ட் லூயி நகரத்துக் கார்டினல்ஸ் அணியை நிருவகிக்க வந்தார். அந்த அணியிடம் பணமில்லை. செல்வம் படைத்த அணிகளோ, சிறுநகர் அணிகளில் தேறிய ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. ‘வாங்க முடியாவிட்டால் வளர்த்துக்கொள்வோம்’ என்பது ரிக்கியின் வழி. 1920-களில் அவர் சிறுநகர் அணிகளையே ஒவ்வொன்றாகத் தம் அமைப்போடு இணைத்தார். கீழ்ப்படியில் சேர்ந்த பையன் ஆண்டுதோறும் படியேறி, தேறினால் தலைமை அணிக்கு வருவான். இதற்கு அந்நாட்டார் இட்ட பெயரும் உழவிலிருந்தே எடுத்தது: பண்ணை முறை. 1926-இல் கார்டினல்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. பிற அணிகளும் அவ்வழியைப் பின்பற்றத் தொடங்கின.

ரிக்கி வேறோர் அருஞ்செயலுக்கும் இப்படிகளைப் பயன்படுத்தினார். அக்காலத்தில் பெரிய அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. புரூக்ளின் அணிக்கு மாறியிருந்த ரிக்கி, ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்து, 1946-இல் முதலில் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரிலிருந்த தம் கிளை அணிக்கு அனுப்பினார். அங்கே திறமை ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றது. 1947 ஏப்பிரல் 15-இல் ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கினார். மேற்படியின் கதவு திறந்தது.

இன்று 30 பெரிய அணிகளும், ஒவ்வொன்றிற்கும் நான்காக 120 கிளை அணிகளும் உள்ளன. ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன், எந்தக் கிளையில் எந்த இளைஞர் நம்பிக்கையூட்டுகிறார் என்று வரிசை எண்ணிட்டுப் பட்டியல் வெளியிடுவர். அடிக்கும் திறம், வலிமை, ஓட்டம், எறிதல், தடுத்தல் ஆகிய ஐந்திற்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் வழங்குவர். 50 என்றால் நடுத்தரம். பூச்சியமும் இல்லை, நூறும் இல்லை. தேர்வுத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆயினும் அப்பட்டியல்கள் எவ்வளவு நம்பத்தக்கவை? ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்போம். 1988-இல் மைக் பியாசா என்னும் இளைஞரை, குடும்ப நண்பர் ஒருவரின் முகத்திற்காக லாசு ஏஞ்சலிசு அணி எடுத்துக்கொண்டது. அவருக்கு முன்னர் 1,389 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர்! அந்த 1,390-ஆம் ஆள் 2016-இல் அந்நாட்டுப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். மறுபுறமும் பாருங்கள். 2008-இல் உத்தரப்பிரதேசத்து ஈட்டியெறி வீரர்களான ரிங்கு சிங், தினேசு பட்டேல் ஆகிய இருவரை, ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியே பிட்சுபர்க் அணி ஒப்பந்தம் செய்தது. அவர்கள் கதை 2014-இல் திரைப்படமாகவும் வந்தது. இசை நம் ஏ. ஆர். ரகுமான். எனினும் இருவரும் கீழ்ப்படிகளைத் தாண்டித் தலைமை அணியை எட்டவில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1999-2000 பருவத்துக் கூச் பிகார் கோப்பை இறுதிப் பந்தயத்தில் பிகார் அணி 357 ஓட்டங்கள் எடுத்தது. எதிர்த்தாடிய பஞ்சாப் அணியில் யுவராசு சிங் தனியொருவராகவே 358 எடுத்தார். பிகார் முழுவதும் சேர்ந்து எடுத்ததைவிட ஒன்று கூடுதல்! அன்று பட்டியல் எழுதியவர் எவரும் யுவராசு பெயரையே முதலில் எழுதியிருப்பர். ஓராண்டுக்குள் அவர் இந்திய அணிக்கும் வந்துவிட்டார். பிகார் அணியில் 84 ஓட்டங்கள் எடுத்த விக்கெட் காப்பாளர் ஒருவர் இருந்தார். இந்திய அணியை எட்ட அவருக்கு 2004 வரை ஆயிற்று. மகேந்திரசிங் தோனி என்பது அவர் பெயர்.

தமிழ்நாட்டில் படிகள் வயதை ஒட்டி மட்டும் அமையவில்லை. சென்னைக் கழகப் போட்டிகள் பல பிரிவுகளாக நடக்கின்றன. கீழ்ப் பிரிவிலிருந்து முதற் பிரிவுக்கு ஏறவேண்டும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசன் 20 வயதளவும் டென்னிசு பந்தில் மட்டுமே ஆடியவர். வயதுப் படிகளில் ஒன்றிலும் கால் வைக்காமல், சென்னைக்கு வந்து நான்காம் பிரிவில் தொடங்கினார். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் இறங்கியபோது அவருடைய பந்தெறியும் முறை ஐயத்திற்கு உள்ளாயிற்று. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பர். அவர் தோளசைவையே மாற்றிக் கற்றுக்கொண்டு மீண்டார். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் அவரை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென ஆத்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், அந்த ஒரே பயணத்தில் மூவகைப் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக ஆடி, 2021 சனவரியில் பிரிசுபேன் டெஸ்டில் வென்ற அணியில் நின்றார்.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரிக்கு இந்தப் படிகள் கிடைத்தது 2018-இல்தான். அவ்வாண்டு ரஞ்சிக் கோப்பையில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒன்பது அணிகளுள் நம்முடையதும் ஒன்று. அனுபவமில்லாத அணி, ஆகவே அபிசேக் நாயர், பாரசு தோக்ரா, பின்னர் வினய்குமார் போன்ற வெளிமாநில வீரர்களை அழைத்து வந்தனர். முதற் பருவத்திலேயே வெளியூர் வீரர் சிலரின் தகுதி பற்றிக் கேள்வி எழுந்து, வாரியம் அவர்கள் பதிவை நீக்கவும் நேர்ந்தது. 2021-22 பருவத்தில் நம் அணி கருநாடகம் உள்ள மேற்பிரிவில் ஆடியது. 2024 சனவரியில், ஏழு முறை கோப்பை வென்ற தில்லியை அதன் சொந்த மைதானத்திலேயே ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் வீழ்த்தியது. அன்று 10 விக்கெட்டுகள் எடுத்துக் கொடுத்தவர் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த கௌரவ் யாதவ்.

மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு ரிக்கியின் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. வாங்கிய நாற்றும் விளையும். இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஊரிலிருந்தே நாற்று வாங்கும் உழவன், தன் நாற்றங்காலை என்றுதான் உழப்போகிறான்? நம் ஆட்சிப்பகுதி சிறிதென்பது உண்மை. ஆனால் அது நான்கு கரைகளில் கிடக்கிறது. காரைக்கால் காவிரிக் கழிமுகத்தில். ஏனாம் கோதாவரிக் கரையில். மாகியோ கேரளக் கரையில், கிரிக்கெட்டுக்குப் பழம்பெயர் பெற்ற தலச்சேரிக்கு அண்மையில். 2024-இல் நடந்த பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கில் வில்லியனூர், ஊசுடு, காரைக்கால், மாகி, ஏனாம் என்று ஊர்ப்பெயர் தாங்கிய அணிகள் இறங்கின. பெயர் வந்துவிட்டது. அப்பெயருக்குரிய ஊர்ப்பிள்ளைகளும் வரவேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1986-இல் நான் இளம் ஆசிரியன். என் வகுப்பில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். இடக்கையால் பந்தைச் சுழற்றி வீசுவான். அப்போது இங்கே அவனுக்கு ஏறப் படியில்லை. சனிக்கிழமை இரவு பேருந்தேறிச் சென்னை சென்று, ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பிரிவு ஒன்றில் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலை கண்கள் சிவக்க வகுப்புக்கு வருவான். சில திங்களில் வராமலும் இருப்பான். வருகைப் பதிவேட்டை அவன் முன் திறந்து வைத்து, ‘பந்து சோறு போடாது’ என்று நான் சொன்னேன். அவன் தந்தையையும் வரவழைத்துச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைகளில் ஒழுங்காக வந்தான். அவன் பந்து வீசி நான் ஒருமுறையும் பார்த்ததில்லை என்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது.

ஆகவே, பாராமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பருவம் அக்டோபரில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதே தொடங்கும். ஆட்டம் தடைபட்டால் சலிக்க வேண்டா. துத்திப்பட்டு மைதானத்தில் இளையோர் பந்தயம் நடக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, ஒரு கணக்கேட்டுடன் செல்லுங்கள். எடுத்த ஓட்டங்களை எல்லாரும் எழுதுவர். நீங்கள் வேறு சிலவற்றைக் குறியுங்கள். வேகப்பந்து வீசும் பையன் காலையில் நன்றாக வீசுவான். மாலை நான்கு மணிக்கு மூன்றாம் முறை அழைக்கப்படும்போது பந்து அதே இடத்தில் விழுகிறதா? சுழற்பந்து வீசுபவன், தன்னை ஆறாக அடித்தவனுக்கு அடுத்த பந்தை மெதுவாகவும் மேலெழுப்பியும் வீசத் துணிகிறானா? மட்டை பிடிப்பவன் முதல் இருபது பந்துகளில் எத்தனையைத் தொடாமல் விடுகிறான்? பந்து தன் பக்கம் வராத ஓவர்களில் தடுப்பாளன் என்ன செய்கிறான்? ஒரே பந்தயத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு பையனை 16-இலும் 19-இலும் பார்த்தால்தான் வளர்ந்தது உடம்பா, ஆட்டமா என்பது தெரியும். 14 வயதில் மீசை முளைத்தவன் மற்றவரினும் வேகமாக வீசுவது இயல்பு. மூன்றாண்டில் ஏனையோரும் வளர்ந்து அவனை எட்டிவிடுவர்.

அந்தப் பழைய மாணவருக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேலாகிறது. அவருடைய பேத்திக்கு 12 வயது. 15 வயதுக்குட்பட்ட சிறுமியர் தேர்வுக்குப் பயிற்சி செய்கிறாள். அவளும் இடக்கை. சென்ற மாதம் வழியில் என்னைக் கண்டவர், ‘ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வாக இருக்கிறீர்களா?’ என்று கேட்டார். சென்றேன். வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அவள் வீசிய பந்துகள் 94. ஏழு மட்டும் அகன்று போயின. எண்ணிக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.