கோப்பும் அதன் பின்னொட்டும்

கணினியில் சேமித்து வைத்த கட்டுரை ஒன்று நேற்றுவரை ஒழுங்காகத் திறந்தது. இன்று அதன்மீது இருமுறை சொடுக்கினால் திரை முழுவதும் பொருளற்ற குறிகள் நிரம்புகின்றன. அல்லது, எந்தச் செயலியால் திறப்பது என்று கணினி திருப்பிக் கேட்கிறது. கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதனை அழித்துவிடுவோர் உண்டு. பல நாள் உழைப்பு அவ்வாறு வீணாகிறது. உண்மையில் கோப்பு பழுதின்றி இருக்கலாம். கோப்புக்கும் செயலிக்கும் இடையிலுள்ள இணைப்பு மட்டுமே அறுந்திருக்கலாம்.

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் பின்னொட்டு எனப்படும். டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்துகளும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்துகளுமே இடம் பெற்றன. விண்டோஸ் 95 வந்தபின் நீண்ட பெயர்களுக்கு வழி பிறந்தது. எனினும் 'டாக்', 'பி.டி.எஃப்', 'ஜே.பி.ஜி' போன்ற மூன்றெழுத்து வழக்கு நிலைத்துவிட்டது.

'படித்தான்', 'படித்தாள்' என்னும் சொற்களில் விகுதி மாறினால் செய்தவர் மாறுகிறார். கோப்பின் பின்னொட்டு அத்தகையதன்று; அதனை மாற்றினாலும் உள்ளடக்கம் மாறாது. பி.டி.எஃப் கோப்பின் தொடக்கத்தில் ஒரு விழுக்காட்டுக் குறியும் அம்மூன்று எழுத்துகளும் பதிந்திருக்கும். பெயரில் 'ஜே.பி.ஜி' என்று எழுதுவதால் அது படமாகிவிடாது. பழைய பின்னொட்டை மீண்டும் இட்டால் முன்போலவே திறக்கும்.

எந்தப் பின்னொட்டுக்கு எந்தச் செயலி என்னும் குறிப்பை விண்டோஸ் தன் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் வைத்துள்ளது. செயலியை நீக்கியபின் அக்குறிப்பு, ஆள் குடிபெயர்ந்த வீட்டின் முகவரிபோலப் பயனற்று நிற்கக்கூடும். பயனரே தவறான செயலியைத் தேர்ந்து, 'எப்போதும்' என்பதையும் அழுத்திவிடுவதுண்டு.

முதலில் செய்யத்தக்கது ஒரு சோதனை. உரிய செயலியைத் தனியே திறந்து, அதன் 'ஓப்பன்' கட்டளை வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே திறந்தால் கோப்பு நலமாக உள்ளது. பின்னர்க் கோப்பின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் வித்' என்பதன்கீழ் வேறு செயலியைத் தேர்ந்து, எப்போதும் அதுவே என உறுதிசெய்தால் இணைப்பு சீராகும். அமைப்புகளில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பகுதியிலும் இதனைச் செய்யலாம்.

குறுக்குவழிக் கோப்புகளில் இப்பிழை நேர்ந்தால் காட்சி அச்சமூட்டும். அவற்றின் மறைந்த பின்னொட்டு 'எல்.என்.கே'. அதனை நோட்பேடுடன் இணைத்துவிட்டால் முகப்புத் திரையிலுள்ள குறுக்குவழிகள் யாவும் ஒரே உருவம் பெற்று, எதனைச் சொடுக்கினாலும் நோட்பேடே திறக்கும். செயலிகள் எதுவும் அழிவதில்லை. பதிவேட்டில் பயனர் தேர்வாகப் பதிந்த அந்த ஒரு குறிப்பை நீக்கினால் போதும். ஆனால் பதிவேட்டில் தவறான வரியை நீக்கினால் கணினியே முடங்கக்கூடும். ஆகவே படியெடுத்து வைத்துக்கொண்டு, அறிந்தவர் துணையோடு செய்வதே முறை.

விண்டோஸ் பழகிய பின்னொட்டுகளை மறைத்துக் காட்டுவது வசதிபோலத் தோன்றினும் நல்ல ஏற்பாடன்று. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' என்னும் தீநிரல் அம்மறைப்பைப் பயன்படுத்திக்கொண்டது. இணைப்பின் பெயர் 'டி.எக்ஸ்.டி' என முடியும் காதல் கடிதமாகவே பலருக்குத் தெரிந்தது. அதன்பின் மறைந்திருந்த 'வி.பி.எஸ்' என்னும் உண்மைப் பின்னொட்டு அது இயங்கும் நிரல் என்பதைக் காட்டியிருக்கும். நம்பித் திறந்தவர்களின் படக்கோப்புகளின்மீது அது தன்னையே எழுதிக்கொண்டது. கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பட்டியலில் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வு இன்றும் உள்ளது.