அபராதப் பணம் எங்கே போகவேண்டும்?

ஆற்றில் கழிவை விட்ட ஆலைக்கு அபராதம் என்று செய்தி படித்தால் நமக்கு ஒரு திருப்தி ஏற்படுகிறது. அந்தப் பணம் பிறகு எங்கே போயிற்று என்று கேட்பவர் அரியர். தண்டப் பணம் பெரும்பாலும் அரசாங்கக் கஜானாவைச் சேரும். மற்ற வருவாயோடு கலந்துவிடும். கிணறு கெட்டவனுக்கோ கெட்டது கெட்டதுதான்.

இந்த வழக்கத்துக்கு மாறானது, 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர்த் தீர்ப்பு. ஒரு கிலோ தோல் பதனாக ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகும். அத்தண்ணீர் உப்பையும் குரோமியத்தையும் சுமந்து வெளியேறியது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ பயிருக்கு ஆகாமற் போயிற்று என்பது அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும் என்றது நீதிமன்றம். தொகை சிறிதுதான். அது சேரவேண்டிய இடத்தைச் சொன்னதே சிறப்பு: சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதி என்று தனியாக ஒன்று, அதிலிருந்து பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு, கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் திட்டங்களுக்குச் செலவு.

ஆயினும் அலைச்சல் தீரவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், ஈட்டுத்தொகையைக் கொடுத்து ஆலைகளிடம் வசூலிக்கும்படி அரசுக்கு மறுபடி ஆணையிட்டு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு ஒன்றையும் அமைக்கச் சொல்லவேண்டியிருந்தது.

ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகிலுள்ள பிச்சரி கிராமத்தின் கதை இன்னும் நீளம். சாயத் தொழிலுக்கான ‘எச்’ அமிலத்தை அங்கே 1988-ஐ ஒட்டிச் சிறிது காலமே உற்பத்தி செய்தார்கள். மிஞ்சியதோ 2,400 டன்னுக்கு மேற்பட்ட நச்சுக் கசடு. மழைநீர் அதைக் கரைத்து நிலத்தடிக்கு இறக்கியது. சீர்செய்யும் செலவை ஆலையே ஏற்கவேண்டும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. வழக்காடியே காலம் கழிந்து, 2011-இல் 37.385 கோடி ரூபாயையும், 1997 நவம்பர் முதல் ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியையும் கட்டும்படி நீதிமன்றம் விதித்தது. வட்டி பணத்துக்கு மட்டுமா? நிலத்தடியில் இறங்கிய நஞ்சும் காத்திருப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு பரவி, மீட்கும் செலவைப் பெருக்குகிறது.

அமெரிக்காவில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே அபராதம் கருவூலத்துக்கே போகவேண்டும் என்பது பழைய சட்டம். ஆகவே சமரசத்தின்போது, தொழிற்சாலை தானே ஒரு சுற்றுச்சூழல் பணியைச் செய்ய இசைந்தால் அபராதத்தில் ஒரு பகுதி குறைக்கப்படும். நிபந்தனைகள் இரண்டு முக்கியம்: செய்த குற்றத்துக்கும் பணிக்கும் தொடர்பு வேண்டும், சட்டப்படி எப்படியும் செய்தாகவேண்டியதைப் பணியாகக் காட்டக்கூடாது. காற்றைக் கெடுத்தவர்கள் பள்ளிப் பேருந்துகளின் புகையைக் குறைக்கும் கருவிகளுக்குப் பணம் கொடுத்தது இவ்வகை. நல்ல முறைதான், ஆனால் 2020-இல் அதற்குத் தடை, 2022-இல் தளர்வு, 2025-இல் மறுபடி இறுக்கம் என்று அரசியலோடு சேர்ந்து ஆடுகிறது.

ஆற்றைக் கெடுத்தவன் ஊர்க்கோடியில் நான்கு மரக்கன்று நட்டுப் பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே. அபராதம் சுத்திகரிப்புச் செலவைவிட மலிவானால், அதையும் உற்பத்திச் செலவில் ஒன்றாக எழுதிக்கொள்வார்கள்.

நம் நாட்டில் 2024 ஏப்ரல் முதல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோர்க்குப் பெரும்பாலும் சிறைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம். அத்தொகை ஒரு தனி நிதியைச் சேரும் என்று திருத்தச் சட்டம் சொல்கிறது. விழிப்புணர்வு, கல்வி, ஆராய்ச்சி எல்லாம் அந்நிதியின் நோக்கங்களில் உண்டு. எந்த ஊரின் தண்ணீர் கெட்டதோ அந்த ஊருக்கே முதற்பங்கு என்ற வாசகம் சட்டத்தில் இல்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. எந்தக் கிணற்றை, எந்த ஏரியை முதலில் மீட்பது என்பதைக் கிராம சபை சொல்லட்டும்; நீரைச் சோதித்த கணக்கும் செலவுக் கணக்கும் பஞ்சாயத்து அலுவலகத்தின் சுவரிலேயே எழுதப்படட்டும்.