காகிதத்துக்கும் குணம் உண்டு

முகூர்த்த மாதங்கள் ஓய்ந்ததும் பல வீட்டுப் பரண்களில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்துவிடும். கல்யாணப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்தே முடிந்திருக்கும். பத்திரிகை மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். முகப்பில் பிள்ளையார் இருக்கிறார், அவரை எப்படிக் குப்பையில் போடுவது?

அந்தப் பத்திரிகைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தால் கிடைப்பவை சாதாரணமல்ல. 300 ஜிஎஸ்எம் கனத்தில் அட்டை, அதன்மேல் தங்க நிற ஃபாயில், லேசரில் வெட்டிய மயில், உள்ளே மெல்லிய பட்டர் பேப்பர், ஓரத்தில் குஞ்சம் வைத்த கயிறு. கைவேலைப் பொருள் விற்கும் கடையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை.

காகிதக் கைவேலை இப்போது நல்ல வியாபாரம். க்வில்லிங் பட்டை, ஓரிகாமித் தாள், டெகூபாஜ் நாப்கின் என்று பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். கோடை விடுமுறையின் முதல் வாரம் ஆசையாக வாங்கிய கிட், இரண்டாம் வாரமே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. வளைந்துபோன அட்டை, சுருக்கம் விழுந்த படம், வெடித்த மடிப்பு, பூஞ்சணம் பிடித்த ஓரம்: கைவிட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காகிதம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கிட்டுக்குள் யாரும் எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

வெந்தயமும் பழைய பேப்பரும்

வீட்டில் காகிதத்தைக் கொண்டு பொருள் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆட்டுக்கல் இருந்த காலத்தில் பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துக் கூடை செய்வார்கள். பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் நாற்றம் எடுத்துவிடும். பிழிந்த பேப்பரோடு ஊறிய வெந்தயத்தைப் போட்டு மைய அரைத்தால், உருட்டினால் உருண்டு வரும் பதத்தில் கூழ் கிடைக்கும். குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்த துணியைப் போர்த்தி, அடை தட்டுவதுபோல் கூழைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் நிழல், அப்புறம் இளவெயில். எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கி, கூடை வெடித்துவிடும். மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைத்து மெழுகவும் இதே கூழ்தான்.

வெந்தயத்தில் காலக்டோமன்னன் என்ற பொருள் நிறைய இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது வழவழப்பான பிசினாகிக் காகித இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. ஒரு விஷயத்தில் மட்டும் பழைய வழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது. அச்சு மை காரணமாகச் செய்தித்தாளில் உணவைப் பொதியக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே இந்தக் கூடைக்குள் முறுக்கு வேண்டாம். சாவி, ஊசி நூல், வளையல் வைக்கலாம்.

கொலுப் பொம்மைகளில் காகிதக் கூழில் செய்தவையும் உண்டு. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு இதற்குப் பேர்போனது. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரின் காகிதக் கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மண் பொம்மையைவிட எடை குறைவு, கைதவறினாலும் தூள் தூளாகாது. காஷ்மீரில் காகிதக் கூழ் வேலை இரண்டு தனித்தனித் தொழில்: கூழில் உருவம் செய்வது சக்த்சாஸி, அதன்மேல் தூரிகையால் பூவேலை தீட்டுவது நக்காஷி. உருவம் செய்தவர் தீட்டுவதில்லை. வீட்டில் செய்கிறவர்களும் இப்படிப் பிரித்துக்கொண்டால், கூழில் கை வைக்க அருவருப்புப்படும் பிள்ளைக்கும் ஒரு வேலை மிஞ்சும்.

இழை எந்தப் பக்கம் ஓடுகிறது?

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் கூழ், ஓடும் வலைமேல் விழும்போது அதன் இழைகள் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்வதுதான் காரணம். கரூர் மாவட்டம் புகழூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து எடுக்கும் தாளானாலும், மரக்கூழ் அட்டையானாலும் இந்தக் குணம் மாறுவதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் கைவேலையில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இழை ஓடும் திசையிலேயே மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் கனமான அட்டை வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். ஈரம் பட்டால் இழை நீளத்தில் அதிகம் மாறாது, பருமனில் உப்பும். அதனால் பசை தடவிய தாள் ஒரு திசையில் மட்டும் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையையும் சேர்த்து இழுத்து வளைத்துவிடுகிறது. அட்டையின் பின்பக்கத்திலும் அதே அளவுத் தாளை அதே திசையில் ஒட்டிவிட்டால் இழுப்பு இரண்டு பக்கமும் சமமாகும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களுக்கு இது பாலபாடம்.

திசையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அட்டையை மடித்துவிடாமல் லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் எளிதாக வளைந்துகொடுக்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும்போது மடிப்பு எங்கே விழுமோ, இழை அதற்கு இணையாக ஓடுகிறது. மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை அட்டைகூடச் சொன்னபடி கேட்கும்.

பசையிலும் நிதானம் வேண்டும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. மெல்லிய தாளில் அப்பினால் சுருக்கம் நிச்சயம். பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது. டிஷ்யூ தாளுக்கு மைதாப் பசையே போதும். டிசம்பரில் மூங்கில் சிம்பு கட்டிச் செய்யும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும், இலங்கையில் மே மாதப் பௌர்ணமிக்கு வாசல்தோறும் தொங்கும் வெசாக் கூடும் பல வீடுகளில் மாவுப் பசையில்தான் நிற்கின்றன. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்காக. அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது.

காதில் தொங்கும் காகிதம்

க்வில்லிங் எனும் பட்டைச் சுருள் வேலை ஐரோப்பாவில் கிறிஸ்தவ மடங்களில் வளர்ந்தது. பொன்முலாம் பூசிய புத்தக ஓரங்களிலிருந்து விழுந்த மெல்லிய பட்டைகளைக் கன்னியாஸ்திரிகள் சுருட்டி, புனிதப் பொருட்கள் வைக்கும் பேழைகளை அலங்கரித்தார்கள். தங்கக் கம்பி வேலைக்கு வசதி இல்லாத இடத்தில் காகிதம் அந்த வேடத்தைப் போட்டது. 18ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்தின் வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கானது. 1811-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில், ஒரு சிறுமிக்காகக் காகிதச் சுருளில் கூடை செய்கிற சாக்கில் இரண்டு பெண்கள் ரகசியம் பேசும் கட்டம் வருகிறது.

நம் ஊரில் க்வில்லிங் மறுபடியும் தங்கத்தின் வேடத்தைத்தான் போடுகிறது, ஜிமிக்கியாக. 3 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டி, பிளவு வைத்த ஊசியில் செருகி, இறுக்கமான தட்டை வட்டமாகச் சுற்ற வேண்டும். அதைக் கோலிக்குண்டின் மேல் வைத்து நாலாபுறமும் விரலால் மெதுவாக அழுத்தினால் சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நழுவிக் குமிழாக எழும். உட்புறத்தில் பசை பூசி முழுதாகக் காயவிடுவதுதான் உயிர்நாடி. அந்த ஒரு வேலையை விட்டுவிட்டால், திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போன ஜிமிக்கி வீடு திரும்புவதற்குள் நீண்ட சுருளாகக் காதில் தொங்கும். வெளிப்பக்கம் வார்னிஷ் இரண்டு கை; முத்து, வளையம், கொக்கி எல்லாம் அதற்குப் பிறகு.

72 வயதில் பிடித்த கத்தரி

வீட்டு மேஜையில் செய்வதெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் மேரி டிலேனியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1700-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், இரண்டாவது கணவரையும் இழந்த பிறகு, 72 வயதை ஒட்டித்தான் காகிதப் பூக்களை வெட்டத் தொடங்கினார். நிஜப் பூவை எதிரில் வைத்துக்கொண்டு, வண்ணத் தாளை மிக நுண்ணிய துணுக்குகளாக வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். சில பூக்களில் இப்படி நூற்றுக்கணக்கான துணுக்குகள். பார்வை மங்கிக் கத்தரியைக் கீழே வைக்கும் வரை சுமார் பத்து ஆண்டுகளில் அவர் செய்து முடித்தவை 985. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. 1941-ல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் அதிக நேரம் நின்று தீட்ட முடியவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசிக் காயவைத்த தாள்களைச் சக்கர நாற்காலியிலிருந்தும் படுக்கையிலிருந்தும் கத்தரியால் வெட்டினார். 1953-ல் செய்த ‘நத்தை’ கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம், அதே அகலம். அவர் வெட்டியதை உடனே ஒட்டச் சொல்லமாட்டார். சுவரில் குண்டூசியால் குத்திவைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். மனம் ஒப்பிய பிறகுதான் பசை. வீட்டில் கொலாஜ் எனும் ஒட்டுப்படம் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பயன்படும் பழக்கம் வேறில்லை.

முதலில் எது, கடைசியில் எது

காகிதத்தோடு துணி, மணி, வண்ணம் எல்லாம் சேரும் கலப்பு ஊடக வேலைக்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது: தஞ்சாவூர் ஓவியம். மரப்பலகை, அதன்மேல் துணி, துணிமேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த பூச்சு, கண்ணாடிக் கற்கள், புடைப்பு வேலை, தங்கத் தகடு, கடைசியில் வண்ணம். இந்த வரிசையை மாற்றினால் வேலை கெடும். கனமானது முதலில், ஈரமானது முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது, நுணுக்கமானது கடைசியில். அட்டைமேல் பொத்தான், சணல், ஜரிகை ஒட்டுகிறவர்களுக்கும் இதே வரிசைதான்.

மேல்நாட்டு ஓவியத்தில் 1912-ல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் கயிற்றைக் கட்டினார். அவரைவிட வீட்டில் கைவேலை செய்கிறவர்களுக்கு நெருக்கமானவர் நியூயார்க்கின் ஜோசப் கார்னெல் (1903-1972). ஓவியப் பள்ளிக்குப் போகாதவர். துணி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்துக்கொண்டு, தாயோடும் பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தம்பியோடும் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். பழைய கடைகளில் வாங்கிய வரைபடம், பறவைப் படம், கண்ணாடிக் குப்பி, கோலிக்குண்டு என்று சேர்த்து, வீட்டின் நிலவறையில் வகை வகையாக அடுக்கிவைத்தார். கண்ணாடி முகப்பு வைத்த சிறு பெட்டிக்குள் அவை கலையாயின. ஒரு பெட்டிக்கு ஒரே எண்ணம்: பறவைக்கூண்டு என்றால் பறவைக்கூண்டு, மருந்துக்கடை என்றால் மருந்துக்கடை. கையில் இருப்பதையெல்லாம் ஒரே அட்டையில் திணிப்பதுதான் நம் வீட்டுக் கொலாஜ்களைக் கெடுக்கிறது. தாத்தாவின் இன்லேண்ட் லெட்டர், பாட்டி சேலையின் ஜரிகை, ஒரு பேருந்துச் சீட்டு: மூன்றே பொருளில் ஒரு நல்ல பெட்டி தேறும். அசல் கடிதத்தை மட்டும் ஒட்டாமல் நகலெடுத்து ஒட்ட வேண்டும். பசை பட்ட கடிதம் திரும்பி வராது.

செய்ததைக் காப்பாற்றுவது தனி வேலை. செய்தித்தாளில் லிக்னின் இருப்பதால் வெளிச்சம் பட்டுப் பழுக்கும். அது கண்ணுக்குத் தெரியாத உள்ளடுக்குக்கே ஏற்றது. மைதாப் பசையை இராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரில் காகித வேலையைத் தொங்கவிடக்கூடாது. சட்டம் போட்டால் கண்ணாடி படத்தின்மேல் படியாமல் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். படிந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கைவேலை என்று பிள்ளைகளிடம் கேட்கப்படுவது இன்று பெரும்பாலும் தெர்மாகோலும் கிளிட்டரும்தான். ராத்திரி பத்து மணிக்கு அதைச் செய்து முடிப்பது அம்மாவும் அப்பாவும். தெர்மாகோல், கிளிட்டர் இரண்டுமே பிளாஸ்டிக். கிளிட்டர் ஒட்டிய தாள் மறுசுழற்சிக்குக்கூட உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தூளாக விற்கும் பிளாஸ்டிக் கிளிட்டருக்குத் தடை விதித்தது. நம் ஆசிரியர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த கல்வியாண்டின் பட்டியலிலிருந்து அவை இரண்டையும் எடுத்துவிட்டு, பழைய பேப்பர், அட்டை, மைதாப் பசை என்று எழுதினால் போதும். பேப்பரை முன்னதாகவே ஊறவைத்துவிட்டால், கூழ் அரைப்பதும் இழைத் திசை பார்ப்பதும் வகுப்பறையிலேயே ஒரு பாடவேளைக்குள் சொல்லிக்கொடுக்கக் கூடியவைதான்.