பேத்திக்குப் போட்டாச்சு, தாத்தாவுக்கு?

புதன்கிழமை காலையில் சின்னாளப்பட்டியிலோ வேடசந்தூர் பக்கத்திலோ துணை சுகாதார நிலையத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: “ஒன்றரை மாசப் பிள்ளைக்கு ரெண்டு தொடையிலயும் எதுக்கு ஊசி, நர்சம்மா?” கேட்பவர் பெரும்பாலும் அம்மாயியாகவோ அப்பத்தாவாகவோ இருப்பார். அவர் தன் பிள்ளைகளைத் தூக்கிவந்த காலத்தில் இரண்டாவது தொடைக்கு வேலை இருந்ததில்லை. இடது தொடையில் போடுவது ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட். வலது தொடையில் போடுவதுதான் பிசிவி என்கிற நிமோகாக்கல் தடுப்பூசி. தமிழ்நாட்டில் அரசு இதை இலவசமாகப் போடத் தொடங்கியது 2021 ஜூலையில். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணை.

“நிமோனியா வராம இருக்கத்தாம்மா” என்று நர்சம்மா சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார். சரியான பதில்தான். ஆனால் இந்தச் சிறிய ஊசிக்குப் பின்னால் எழுபது ஆண்டுத் தாமதம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், வீட்டில் இன்னொருவருக்கும் இந்த ஊசி ஏன் தேவைப்படலாம் என்பதும் புரியும்.

நிமோகாக்கஸ் என்பது ஒரு பாக்டீரியா. 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். அது நம் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். தென்தமிழகக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இரண்டு மாதம் ஆவதற்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மூக்கில் இந்தக் கிருமி வந்துவிட்டிருந்தது. கொஞ்சுகிறவர்களின் மூச்சிலும், அண்ணன் அக்காவின் இருமலிலும் வருவதுதான். பலருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடமும் முதியவர்களிடமும் உடம்பு தளர்ந்தவர்களிடமும்தான் அது மூக்கைத் தாண்டி இறங்கும். காதுக்குப் போனால் சீழ், நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ரத்தத்திலும் மூளை உறையிலும் புகுந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் உயிர் தப்புவது நிச்சயமில்லை.

இந்தக் கிருமியின் பலம் அதைச் சுற்றியிருக்கும் சர்க்கரை உறை. காப்பியில் போடும் சர்க்கரை அல்ல. சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த வழுவழுப்பான சங்கிலி. இந்த உறை இருக்கும்வரை வெள்ளை அணுக்களால் கிருமியைப் பிடித்து விழுங்க முடியாது. உறைமேல் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உடலில் இருந்தால் மட்டுமே அவற்றுக்குப் பிடி கிடைக்கும். உறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பொருள் பெரும்பாலும் இன்னொரு வகையிடம் எடுபடாது.

அப்படியென்றால் உறையை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால் போதாதா? பெரியவர்களுக்கு ஓரளவு போதும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நிமோனியாவால் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தார்கள். 1911இலேயே அல்ம்ரோத் ரைட் அங்கே ஒரு தடுப்பூசியை முயன்று பார்த்தார். 1970களில் ராபர்ட் ஆஸ்ட்ரியன் அங்கேயே சுரங்கத் தொழிலாளர்களிடம் உறைத் தடுப்பூசி பலிப்பதை நிரூபித்தார். அதன் வழியில் 1983இல் வந்ததுதான் 23 வகை உறைகளைக் கொண்ட பிபிஎஸ்வி23. கைக்குழந்தையிடம் மட்டும் இது செல்லவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே, வெறும் சர்க்கரைச் சங்கிலியை எதிரி என்று அறிந்து செயல்படும் திறன் உடலுக்கு இன்னும் கைகூடியிருக்காது.

வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதுதான் மனதை வருத்துகிறது. 1931இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் உறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிமுறையில் பிணைத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். வெறும் சர்க்கரைக்கு அசையாத முயல்கள் இதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கின. புரதம் கூடவே வரும்போது டி அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களுக்குத் துணை நின்று, அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கவும் செய்கின்றன. இதே ஏவரிதான் 1944இல் இந்தக் கிருமியின் உறையை ஆராய்ந்தபோது மரபுப் பொருள் டிஎன்ஏதான் என்று காட்டியவர். அவர் பிணைத்துக் காட்டிய வழியில் முதல் குழந்தைத் தடுப்பூசி அமெரிக்காவில் வந்தது 2000இல். இன்று நம் பிசிவியில் இருக்கும் துணைப் புரதம், தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சிலிருந்து விஷம் நீக்கிய ஒரு வடிவம்.

அந்த முதல் ஊசியில் ஏழு வகைகள் இருந்தன. அவை அமெரிக்கக் குழந்தைகளைத் தாக்கிய வகைகள். வேலூர் சிஎம்சி உட்பட இந்தியாவின் ஆறு மருத்துவமனைகள் 1990களில் சேர்ந்து நடத்திய கண்காணிப்பு 1999இல் லான்செட் இதழில் வெளியானது. 1, 5 என்ற இரண்டே வகைகள் இங்கே கடும் நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணப்பட்டன. அமெரிக்க ஊசியில் அவ்விரண்டும் கிடையாது. நம் ஊர் நோயாளிகளின் ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் உள்ள கிருமியை நாமே வளர்த்துப் பார்க்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் 2020இல் கொண்டுவந்த 10 வகை நிமோசில் ஊசியில் 1, 5 இரண்டும் இடம்பெற்றுள்ளன. விலை குறைந்த அந்த ஊசி வந்தது நாடு முழுவதும் திட்டத்தை விரிவாக்கக் கைகொடுத்தது.

இனி தாத்தாவுக்கு வருவோம். குழந்தைகளுக்கு ஊசி போட்டால் அவர்கள் மூக்கில் கிருமி தங்குவது குறைகிறது. அதனால் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது தொற்றுவது குறைகிறது. அமெரிக்காவில் 2000க்குப் பிறகு முதியவர்களிடமும் இந்நோய் இறங்கியதற்கு இதுவே காரணம். ஆனால் பேரப்பிள்ளையின் ஊசியை மட்டும் நம்பி இருக்கக்கூடாதவர்கள் உண்டு. 65 தாண்டியவர்கள், சுகர் உள்ளவர்கள், இதயம், சிறுநீரகம், கல்லீரல் பழுதானவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், தீராத இழுப்பும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள். பஞ்சாலைத் தூசியில் ஆண்டுக்கணக்கில் நின்று அப்படி மூச்சிரைப்பவர்கள் திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களுக்கும் மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மண்ணீரலை எடுக்க நாள் குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊசி போட்டுவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு இது இலவசத் திட்டத்தில் இல்லை. தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் மாநிலத்தில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்காவது இந்த ஊசியும் வந்து சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை, மாதாந்திர செக்கப்பின்போது டாக்டரிடம் நாமே கேட்க வேண்டியிருக்கிறது. 13 உறை வகைகளைக் கொண்ட பிசிவி ஊசி போட்டால் பொதுவாக ஓராண்டு கழித்து பிபிஎஸ்வி23 போடச் சொல்வார்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு எட்டு வாரத்திலேயே. 20 வகை ஊசி போட்டவருக்கு ஒன்றே போதும். ஃப்ளூ ஊசிபோல ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை. ஃப்ளூ ஊசியையும் இதையும் ஒரே நாளில் இரண்டு கைகளில் போட்டுக்கொள்ளலாம். எந்த ஊசி, எந்தத் தேதி என்று மருந்துச் சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

போட்ட இடத்தில் வலி, வீக்கம், ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். சாதாரணச் சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். கடும் காய்ச்சல் என்றால் தணிந்த பிறகு போடலாம். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எல்லா நிமோனியாவையும் இது தடுக்காது. வைரஸாலும் காசநோய்க் கிருமியாலும் வருவதற்கும், ஊசியில் இல்லாத உறை வகைகளுக்கும் இது காவல் இல்லை. நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 85,000 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா 45 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அதே வகைகள் ரத்தம்வரை பரவும் கடும் நோய் 75 சதவீதம் குறைந்தது. எனவே ஊசி போட்ட குழந்தையானாலும் இருமலும் காய்ச்சலும் வந்தால் சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ, மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு நிற்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.