பறையும் மிருதங்கமும் நடத்தும் ஒலிப் பாடம்

ஒலியின் பண்புகளைப் பற்றி வினா கேட்டால் மாணவர்களின் விடையில் ஒரு குழப்பம் ஆண்டுதோறும் தலைகாட்டும். “பலமாக அடித்தால் சுருதி கூடும்” என்று எழுதுவார்கள். உரப்பு, சுருதி இரண்டின் வரையறையையும் பிழையில்லாமல் ஒப்பிக்கும் மாணவரும் இப்படி எழுதுவதுண்டு. இதற்கு நம் பேச்சுவழக்கும் ஒரு காரணம். உரக்கப் பேசச் சொல்லும்போதும் “குரலை உயர்த்து” என்கிறோம். மேல் சுரத்தில் பாடச் சொல்லும்போதும் அதையே சொல்கிறோம். ஒரே சொல்லில் இரண்டு பொருளைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு வரையறையை மட்டும் கொடுத்தால் போதாது. இரண்டையும் தனித்தனியாகக் காதால் கேட்க வைக்க வேண்டும்.

இசைக்கவை இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர்ப் பகுதியில் கோயில் திருவிழாவும் பறையொலியும் அறியாத குழந்தை இல்லை. ஒலிப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் முதன்மைக் கருவி பறைதான். ஒரு வட்ட மரச் சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல், இரண்டு குச்சிகள், அவ்வளவே. அமைப்பு எளிமையானது என்பதால் எந்த மாற்றம் எந்த விளைவைத் தருகிறது என்று மாணவர்களால் பிரித்துப் பார்க்க முடிகிறது.

உரப்பு: கேழ்வரகு துள்ளும் உயரம்

பறையின் விளிம்பை இரண்டு செங்கற்கள்மேல் வைத்துத் தோல் மேலே தெரியுமாறு கிடத்துங்கள். தோலின்மேல் ஒரு பிடி கேழ்வரகைத் தூவுங்கள். ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் தானியம் சற்றே அசையும். பலமாகத் தட்டினால் உயரத் துள்ளும். தோல் தன் ஓய்வு நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே வீச்சு. வீச்சு கூடினால் உரப்பு கூடும். “சத்தம் பெரிதானது, ஆனால் கீச்சென்று மாறியதா?” என்று கேளுங்கள். “இல்லை” என்ற விடை மாணவர்களிடமிருந்தே வரும்.

செவித்திறன் குறைந்த குழந்தை வகுப்பில் இருந்தால் விளிம்பில் விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வைத் தொட்டு அறியும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் பயனுள்ளது.

சுருதி: தீ செய்யும் வேலை

பறையை இசைக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் காட்டுவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். சோதனைக்கு முன் ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதுவேன்: “அனலில் காட்டிய பின் சுருதி கூடுமா, குறையுமா?” கை தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் மாணவர்கள் பலர் “குறையும்” என்பார்கள். அதற்குக் காரணமும் சொல்வார்கள்: வெப்பத்தால் பொருள் விரிவடையும், விரிந்தால் தோல் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். ஏற்கெனவே படித்ததை வைத்துச் செய்த நல்ல தருக்கம்தான் அது.

ஒருமுறை, வீட்டில் பறை இருக்கும் மாணவன் ஒருவன், பெரும்பாலும் பேசாதவன், “விரியாது டீச்சர், காயும். காஞ்சா இறுகும்” என்றான். அந்த வகுப்பின் மிகச் சரியான அறிவியல் விளக்கம் அதுதான். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அனலில் அந்த ஈரம் வெளியேறித் தோல் சுருங்கப் பார்க்கும். சட்டம் அதைச் சுருங்க விடாது. அதனால் இழுவிசை கூடும். இழுவிசை கூடினால் தோல் விரைவாக அதிரும், அதிர்வெண் கூடும், சுருதி ஏறும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்பதை மேல்வகுப்புகளில் சேர்த்துச் சொல்லலாம்.

ஒரே மாணவர், ஒரே குச்சி, ஏறத்தாழ ஒரே பலம். அனலுக்கு முன்னும் பின்னும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘பொத்’ என்றிருந்த ஒலி ‘கணீர்’ என்று மாறும். கைப்பேசியில் ஃபைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலி இருந்தால் இரண்டு ஒலிகளின் அதிர்வெண்ணையும் திரையில் ஒப்பிடலாம். பலமாக அடிப்பது உரப்பைக் கூட்டுகிறது, இறுக்குவது சுருதியைக் கூட்டுகிறது என்ற வேறுபாடு இதற்குப் பின் எளிதில் மறப்பதில்லை.

தரம்: ராமன் கேட்ட கேள்வி

மூன்றாவது பண்பான தரத்துக்கு மிருதங்கம் துணை செய்யும். வீணையின் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கும். முழு எண் மடங்குகளாக இருப்பதால் காது அதை ஒரே சுரமாக ஏற்கிறது. வெறும் தோலின் கதை வேறு. அதன் மேலதிர்வெண்கள் அடிப்படையைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் அமையும். அதனால்தான் பெரும்பாலான தோற்கருவிகளில் தெளிவான சுரம் கேட்பதில்லை.

மிருதங்கத்தில் மட்டும் எப்படிக் கேட்கிறது? இதை ஆராய்ந்தவர் திருச்சி அருகே திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதுபற்றி எழுதினார். நோபல் பரிசு பெற்ற பிறகும் இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. 1934-இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதிரும் தோலின்மேல் நுண்மணலைத் தூவி, மணல் ஒதுங்கும் கோடுகளைக் கொண்டு தோலின் எந்தப் பகுதி அதிர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்த்தார். நம் கேழ்வரகுச் சோதனையின் உறவுதான் அது.

விடை வலந்தலையின் நடுவிலுள்ள கருமையான கரணையில் இருக்கிறது. வேகவைத்த சோற்றுடன் கிட்டக்கல் பொடியைக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் கல்லால் தேய்த்துப் படியவைப்பார்கள். நடுவில் கூடும் இந்த எடை தோலின் அதிர்வெண்களை மாற்றியமைக்கிறது. முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் அடிப்படையின் 1 முதல் 5 வரையான முழு எண் மடங்குகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்று ராமன் காட்டினார். இந்தக் கணக்கைத் தட்டித் தட்டிக் காதாலேயே முதலில் போட்டவர்கள், தோலையும் மரத்தையும் கையாண்ட பெயர் தெரியாத கைவினைஞர்கள். ராமன் அதை எண்ணில் எழுதினார்.

பறைக்குக் கரணை இல்லாததைக் குறையாகச் சொல்லிவிடக் கூடாது. பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்குச் சேதி சொல்லும் கருவிக்கு வேண்டியது சுரத்தின் இழைவு அன்று, தொலைவுக்கும் எட்டும் வெட்டொலி.

வேகம்: நடந்தே அளக்கலாம்

பலமாக அடித்தால் ஒலி விரைவாக வரும் என்பது இன்னொரு தவறான எண்ணம். பள்ளிக்கு அருகே நேரான, போக்குவரத்து இல்லாத பாதை இருந்தால் ஒருவரை நொடிக்கு இரண்டு அடி வீதம் சீராகப் பறையடிக்கச் செய்யுங்கள். மாணவர்கள் அவரைப் பார்த்தபடி விலகிச் செல்லட்டும். தொலைவு கூடக்கூடக் குச்சி விழுவதும் ஒலி கேட்பதும் பிசகும். ஓரிடத்தில் இரண்டும் மீண்டும் முதன்முறையாகப் பொருந்தும். முந்தைய அடியின் ஒலி, அடுத்த அடி விழும்போது காதை எட்டுகிறது என்பது பொருள். அதாவது அரை நொடிப் பயணம். அந்தத் தொலைவை நாடாவால் அளந்து இரண்டால் பெருக்கினால் ஒலியின் வேகம் கிடைக்கும். 30 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். ஆகவே பொருந்தும் இடம் 175 மீட்டரை ஒட்டி அமையும். மெதுவாக அடித்தாலும் பலமாக அடித்தாலும் அந்த இடம் மாறாது.

கவனிக்க வேண்டியவை

அனல் காட்டுவதைத் திறந்தவெளியில், வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். வெயிலில் காயவைத்தும் இதே விளைவைப் பெறலாம். மூடிய அறையில் பலமாகப் பறையடிப்பது செவிக்கு நல்லதன்று.

இன்னொன்று இவற்றைவிட முக்கியம். பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. வீட்டில் பறை இருப்பதை வகுப்பில் சொல்லத் தயங்கும் குழந்தைகள் உண்டு. ஆகவே “யார் வீட்டில் பறை இருக்கிறது?” என்று கை தூக்கச் சொல்ல வேண்டாம், எந்தக் குழந்தையையும் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். கலைத் திருவிழாப் பயிற்சிக்கு வாங்கிய பறை இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். உள்ளூர்க் கலைஞரை அழைக்கலாம். அழைத்தால் வாசித்துக் காட்ட மட்டும் சொல்லாமல், தோலைத் தேர்வது, ஒட்டுவது, காய்ச்சுவது பற்றி மாணவர்கள் அவரிடம் வினா கேட்க நேரம் ஒதுக்குங்கள். நாற்காலி போட்டு, சிறப்பு விருந்தினருக்குச் செய்யும் மரியாதைகளைச் செய்யுங்கள். இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர் அவர். அந்த அறிவுக்கான மரியாதையும் அன்றைய பாடத்தில் ஒரு பகுதி.